பால் சுறா என்றால் எந்தச் சுறா?

மயிலாடுதுறைப் பக்கம் மீன்காரம்மாவிடம் “பால் சுறா இருக்கா?” என்று கேட்டால் உடனே விலை சொல்லமாட்டார். “யாருக்குக் கொழந்த பொறந்திருக்கு?” என்றுதான் முதலில் கேட்பார். மகளுக்கா மருமகளுக்கா, ஆணா பெண்ணா, சுகப்பிரசவமா ஆபரேஷனா என்று விசாரித்து முடித்த பிறகுதான் கூடையை மூடியிருக்கும் ஈரச்சாக்கு விலகும். சங்கரா வாங்க வருகிறவரிடமோ மத்தி வாங்க வருகிறவரிடமோ இந்த விசாரணை கிடையாது.

காரணம் பேரிலேயே இருக்கிறது. கொம்பன் சுறாவுக்குத் தலை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். வாளைக்கு உடம்பே வாள். இவையெல்லாம் மீனைப் பார்த்து வைத்த பேர்கள். பால் சுறா என்ற பேர் மட்டும் தின்பவளைப் பார்த்து வைத்தது. சுறாவுக்கு ஏது பால்? பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவளுக்கு ஊற வேண்டிய பால் அது. நம் கரைகளில் இருந்த இந்த நம்பிக்கைதான் ஆங்கிலத்துக்கும் போய் ‘மில்க் ஷார்க்’ ஆனது. அதே மீன் செனகல் கரையில் பிடிபட்டாலும் ஆங்கிலப் புத்தகத்தில் அதற்கு இதே பேர்தான். நம் ஊர்ப் பத்தியச் சாப்பாடு ஒன்று உலக விலங்கியலில் இப்படி ஏறி உட்கார்ந்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்தப் பேரால் சுறாவுக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்கும்போதுதான் பெருமை குறைகிறது.

முதலில் சுறாப்புட்டைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது சமையல் முழுக்க அம்மாச்சியின் கையில்தான் இருந்தது. அப்பா தரங்கம்பாடியில் இருந்து சுறா வாங்கி வந்தால், அதை வீட்டுக்குள் கொண்டுவர அம்மாச்சி விடமாட்டார். கொல்லையிலேயே கழுவி, துண்டு போட்டு, மஞ்சள்தூள் நிறையப் போட்ட தண்ணீரில் வேகவைப்பார். அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது வருகிற நெடி இருக்கிறதே, மூக்கில் நவச்சாரம் ஏறிய மாதிரி கண் கலங்கும். கடல் தண்ணீரின் உப்பைச் சமாளிக்கச் சுறாக்கள் ரத்தத்திலும் சதையிலும் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொள்கின்றன. செத்த பிறகு அந்த யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. நேரமாக ஆக நெடி கூடும். அதனால்தான் சுறாவை வாங்கினால் அன்றைக்கே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும், ஐஸில் போட்டது போடாதது பார்த்து வாங்க வேண்டும் என்பதெல்லாம். அம்மாச்சிக்கு யூரியா என்றால் வயலுக்குப் போடுவது மட்டும்தான். ஆனால் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார்.

வெந்ததும் தோலை உரிக்க வேண்டும். பச்சையாக இருக்கும்போது சுறாத் தோலைத் தலையில் இருந்து வால் பக்கமாகத் தடவினால் வழுவழு என்று போகும். திருப்பித் தடவினால் கையைக் கிழிக்கும். மற்ற மீன்களுக்குச் செதில் இருக்கிற இடத்தில் இதற்குப் பல் போன்ற நுண்ணிய முட்கள். வெந்தபின் அந்தச் சொரசொரப்பு நறநறவென்று விரலோடு வந்துவிடும், அடியில் வெள்ளைச் சதை. நடுவில் குருத்தெலும்பு ஒன்றுதான், முள் கிடையாது. சதையை உதிர்த்து, துணியில் கட்டிப் பிழிந்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி அதில் போட்டுக் கிளற வேண்டும். பெற்றவளுக்கு என்றால் பச்சை மிளகாய் கிடையாது, மிளகுதான். பூண்டுக்குக் கணக்கே கிடையாது. முள் இல்லாத, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத, புரதம் நிறைந்த சாப்பாடு. தூக்கம் கெட்டு, ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அள்ளித் தின்கிறவளுக்கு இதைவிட வசதியான மீன் எதுவும் இல்லை என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

பால் ஊறியதா? ஊறியது. புட்டினாலா என்று கேட்டால், பிரசவ வார்டில் இருந்த செவிலியர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்தான் சரி: “கொழந்த சப்பச் சப்பத்தாம்மா பால் ஊறும்.” குழந்தை உறிஞ்சும்போது மூளையின் அடியில் இருக்கும் சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனை விடுகிறது. பால் சுரப்பது அதனால். எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு ஊறும். தாய் நன்றாகச் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், நிம்மதியாக இருக்க வேண்டும். சுறாவுக்கென்று தனியாக ஒரு மந்திரம் இதில் இல்லை. ஆனால் சுறாப்புட்டு சமைக்கிற வீட்டில் பெற்றவளைக் கவனிக்க நாலு பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

சரி, அந்தக் கூடையில் இருப்பது எந்தச் சுறா?

புத்தகப்படி பால் சுறா என்பது ஒரே ஒரு இனம். ஜெர்மன்காரரான எடுவார்ட் ரூப்பெல் செங்கடல் கரையில் ஜெட்டாவில் கிடைத்த மீனை வைத்து 1837-இல் விவரித்தது. இன்றைய அறிவியல் பேர் ரைசோபிரியோனோடான் அக்யூட்டஸ். மேற்கு ஆப்பிரிக்கா தொடங்கி, செங்கடல், இந்தியப் பெருங்கடல் வழியாக ஜப்பான், வட ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கிறது. நீண்ட கூர்மூக்கு, மேலே சாம்பல் கலந்த பழுப்பு, கீழே வெள்ளை. வாயின் ஓரத்தில் தாடைப் பக்கமாக நீளமான மடிப்பு ஒன்று ஓடும். முதுகின் இரண்டாவது துடுப்பு மிகச் சிறியது, வால் பக்கம் ஒதுங்கி இருக்கும். வளர்ந்தது பெரும்பாலும் ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். கரையை ஒட்டிய கடலில், மணலும் சேறுமான அடிப்பரப்பில், சின்ன மீன், கணவாய், இறால் தின்று வாழ்கிறது. ஆளைக் கடித்தது என்று பயப்பட வேண்டிய சுறாவே இல்லை. பெரிய சுறாக்களுக்கு இதுவே இரை.

கூடையில் கதை வேறு. ஸ்கோலியோடான் என்று இன்னொரு குட்டைச் சுறா இருக்கிறது. அதன் மூக்கு கூராக இல்லாமல் தட்டையாக அகன்றிருக்கும், முழு வளர்ச்சியிலும் முக்கால் மீட்டரைத் தாண்டாது. அதுவும் பால் சுறாதான். துடுப்பு நுனி கறுத்த பெரிய இனங்களின் குட்டிகள் வலையில் விழுந்தால் அவையும் பால் சுறாதான். தலையையும் துடுப்பையும் வெட்டிவிட்டால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். சந்தேகப்பட்டு ஒருமுறை கேட்டேன். “சின்னதா இருந்தா பால் சுறா, பெருசா இருந்தா சுறா. இதுல என்ன கேள்வி?” என்று முடித்துவிட்டார் மீன்காரம்மா. அவர் ஏமாற்றவில்லை. பேர் தின்பவளுக்காக இருக்கும்போது எந்த மீன் என்பது முக்கியமில்லாமல் போகிறது. மெத்தென்ற சதையும் சின்ன உடம்பும் இருந்தால் போதும். சின்ன உடம்பு என்றால் பெரும்பாலும் குட்டி.

குட்டி என்று நான் சொல்வது குத்துமதிப்பாக இல்லை. தரங்கம்பாடிக் கரையில் ஃபைபர் போட்டுகள் வந்து மீனைக் கொட்டிக் கூறு போடும் நேரத்தில் போனால் நீங்களே பார்க்கலாம். ஒரு அடியைச் சுற்றியிருக்கும் சுறா ஒன்றை எடுத்து மல்லாத்திப் பாருங்கள். நெஞ்சுத் துடுப்புகள் இரண்டுக்கும் நடுவில், வெள்ளை அடிவயிற்றின் மேல்பக்கம், நகக்கீறல் அளவில் ஒரு பிளவு தெரியும். சிலதில் ஓரம் சிவந்து இன்னும் மூடாமல் இருக்கும். சிலதில் மூடித் தழும்பாகியிருக்கும். நான் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், “என்னக்கா பாக்குறீங்க, அது தொப்புள்” என்றார். வெகு சாதாரணமாக. “மூடாம இருக்கே அண்ணே?” என்றேன். “இப்பதான் போட்டிருக்கும். தாயி பக்கத்துலதான் எங்கயாச்சும் இருக்கும்.”

அவர் சொன்னது உயிரியல் பாடம். பெரும்பாலான மீன்கள் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். பால் சுறா வயிற்றுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறது. கரு முதலில் முட்டையின் மஞ்சள் கருவைத் தின்று வளரும். அது தீர்ந்ததும் மஞ்சள் கரு இருந்த பையே தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டி நஞ்சுக்கொடியாகிறது. தொப்புள்கொடி வழியாகத் தாயின் ரத்தத்தில் இருந்து ஊட்டம். சுமார் ஒரு வருடம் சுமக்கிறது. நம் பத்து மாதக் கணக்கைவிட இரண்டு மாதம் அதிகம். ஈற்றுக்கு ஒன்றில் இருந்து எட்டுக் குட்டி வரைக்கும்தான். ஸ்கோலியோடானில் இது இன்னும் விசித்திரம். அதன் முட்டை ஒரு மில்லிமீட்டர்தான், கடுகைவிடச் சின்னது. சேமித்து வைத்த உணவு என்று அதில் ஏதும் இல்லாததால் தொடக்கத்தில் இருந்தே எல்லாம் தாயிடம் இருந்துதான் வர வேண்டும். பிரசவித்தவளுக்குச் சமைக்க நாம் தேடிப் போகிற மீன், மீன்களிலேயே நம்மைப் போலப் பிரசவிக்கிற மீன். இதை அம்மாச்சியிடம் சொல்லியிருந்தால், “அதனாலதாண்டி பால் ஊறுது” என்றிருப்பார்.

பூம்புகாருக்கு இது புதுச் செய்தியும் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிற பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. முழுநிலா நாள், பரதவர் கடலுக்குப் போகவில்லை. சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டு, தாழம்பூ சூடி, பனங்கள் குடித்து, பெண்களோடு விளையாடுகிறார்கள். கொம்புள்ள சுறா என்றால் அது வேளா மீனாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பம்போல மூக்கு நீண்டிருக்கும், கணக்குப்படி திருக்கை வகை. அதுவும் குட்டி போடுகிற இனம். வெறுமனே சுறா என்று சொல்லாமல் ‘சினை’ என்று சேர்த்துச் சொல்லியிருப்பதுதான் என்னை நிறுத்தியது. மீனின் வயிற்றில் குட்டி இருக்கும் என்பதும், அது சாதாரண விஷயமில்லை என்பதும் அந்தக் கரைக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கொம்பை நட்டுக் கும்பிட்டவர்கள் சதையையும் தின்றிருப்பார்கள், அதைப் பற்றி எனக்குக் கற்பனை எதுவும் இல்லை. இன்றைக்கு வேளாவைப் பார்த்த மீனவர் கிடைப்பதே அரிது. உலகம் முழுக்க அழியும் விளிம்பில் இருக்கிறது. 2001-இல் இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

அதே அட்டவணையில் நம் பக்கத்துப் பேர் தாங்கிய ஒரு சுறாவும் உண்டு. பாண்டிச்சேரி சுறா. ஜெர்மன் விலங்கியலாளர்கள் முல்லரும் ஹென்லேயும் 1839-இல் பேர் வைத்தது. உலகத்து அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து 20-க்கும் குறைவான மாதிரிகள்தான் இருக்கின்றன. ஊர்ப்பேர் வைத்த சுறாவை ஊரில் யாரும் அறியமாட்டார்கள், காரைக்காலிலும் சரி புதுச்சேரியிலும் சரி. சாப்பாட்டுப் பேர் வைத்த சுறாவை எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்திருப்பதால் அதற்கு நன்மை ஒன்றும் இல்லை. பால் சுறா இப்போது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘அழிய வாய்ப்புள்ளது’ என்ற நிலையில் இருக்கிறது. இரண்டு மூன்று வயதில் குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடும், சுறாக்களில் இது வேகம்தான். அதனால் எவ்வளவு பிடித்தாலும் தாங்கும் என்று நினைத்துவிட்டார்கள். மத்தி போட்டால் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். வருடத்துக்கு நாலைந்து குட்டியை வைத்துக்கொண்டு வலையோடு எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்?

சட்டம் பெரிய சுறாவைத்தான் பார்க்கிறது என்பது என் குறை. 2013-இல் துடுப்பை மட்டும் வெட்டிக்கொண்டு உடம்பைக் கடலில் வீசுவதற்குத் தடை வந்தது. 2015-இல் துடுப்பு ஏற்றுமதிக்கே தடை. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் மாநாட்டில் பால் சுறாவின் குடும்பம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள், மறுவருடம் அமலுக்கு வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் சைட்ஸ் என்பது நாடு விட்டு நாடு போகும் வணிகத்துக்கு. தரங்கம்பாடியில் இறங்கி, மீன்காரம்மாவின் கூடையில் ஏறி, செம்பனார்கோயிலில் பெற்றவளின் தட்டுக்குப் போகிற குட்டிக்குப் பனாமாவால் ஒன்றும் செய்ய முடியாது.

மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான். எங்கள் பக்கத்துக்கு ஜூன் மாதத்தில் இரண்டு தேதி முக்கியம். 12-ஆம் தேதி மேட்டூர் திறக்க வேண்டும், 14-ஆம் தேதியோடு 61 நாள் தடை முடிந்து விசைப்படகு கிளம்ப வேண்டும். முதல் தேதி தள்ளிப்போகும், இரண்டாவது தள்ளிப்போகாது. தடை இருக்கிற நாட்களில் விசைப்படகு கட்டித்தான் கிடக்கிறது. ஆனால் கரையோரத்தில் வலை போடும் சின்னப் படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கும். அவர்களைத் தடுப்பதும் நியாயமில்லை. கரையோரக் கடல் அவர்களுக்கு என்றுதான் 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ஆனால் குட்டிகள் இருப்பதும் அதே கரையோரத்தில்தான், பெரிய சுறாக்கள் வராத ஆழமில்லாத இடத்தில். யாரைக் குறை சொல்வது? வலை போடுகிறவர் சுறாக் குட்டிக்கென்று வலை போடுவதில்லை. வேறு மீனுக்குப் போட்டதில் அது மாட்டுகிறது. நாங்கள்தான் அதற்குத் தனி விலை கொடுத்து, தனிப் பேர் சொல்லி வாங்குகிறோம்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. இதைச் சொன்னால் வீட்டில் பாட்டிமார்கள் முறைப்பார்கள். சுறா மற்ற மீனைத் தின்கிற மீன். கடலில் கலந்த பாதரசம் சின்ன மீனில் கொஞ்சம், அதைத் தின்ற மீனில் கொஞ்சம் கூடுதல் என்று ஏறிக்கொண்டே வந்து சுறாவில் சேரும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. பெரிய, வயதான சுறாவில் பாதரசம் அதிகம், குட்டியில் குறைவு. ஆக, தாயின் உடம்புக்கு நல்லது என்று பார்த்தால் குட்டியை வாங்க வேண்டும், சுறாவுக்கு நல்லது என்று பார்த்தால் குட்டியை விட வேண்டும். நான் இரண்டையும் விட்டுவிட்டேன். மத்தி, நெத்திலி, காரப்பொடி மீன் எதிலும் இந்தத் தொல்லை இல்லை. விலையும் குறைவு. முள்ளைப் பார்த்துத் தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் தம்பி மனைவிக்குக் குழந்தை பிறந்தபோது இதையெல்லாம் அம்மாவிடம் உட்காரவைத்துச் சொன்னேன். தொப்புள் கதையைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி, நெத்திலியே வாங்கு. பூண்ட மட்டும் கொறைக்காத” என்றார். நெத்திலியின் தலையையும் முள்ளையும் எடுத்து, சுறாவுக்குச் செய்கிற அதே மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம் போட்டுக் கிளறினோம். புட்டு மாதிரி வராது, குழைந்துவிடும். ருசியில் குறை இல்லை. தம்பி மனைவி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த வாரமே நாகப்பட்டினத்தில் இருந்து சம்பந்தியம்மா பார்க்க வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பெரிய பொட்டலம். பிரிக்கும் முன்பே வாசனை சொல்லிவிட்டது, சுறாக் கருவாடு. “அக்கரப்பேட்டையில சொல்லி வெச்சு வாங்குனது. எம்பொண்ணுக்குப் பால் கொறைவுன்னு கேள்விப்பட்டேன்” என்றார், என் அம்மாவைப் பார்த்து. அம்மா என்னைப் பார்த்தார். சைட்ஸ், சிவப்புப் பட்டியல், புரோலாக்டின் எல்லாம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. பிள்ளை பெற்ற வீட்டில் சம்பந்தி கொண்டுவந்த பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கிற துணிச்சல் எங்கள் பரம்பரையில் யாருக்கும் கிடையாது. வெந்நீரில் ஊறப்போட்டு, கத்தரிக்காயும் மொச்சையும் சேர்த்துக் குழம்பு வைத்தோம்.